"டிம்லதான்ப்பா இருக்கு": தானாகத் திரும்பும் ஹெட்லைட் பற்றிச் சில குறிப்புகள்

போன பொங்கலுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது நடந்தது இது. திருச்சி-மதுரை நான்குவழிச் சாலையில் கொட்டாம்பட்டி வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. நடுவில் அரளிச்செடி வரிசையாக நிற்கும் வரை எதிர் வண்டி வெளிச்சம் நம் கண்ணுக்கு வருவதில்லை. (அரளியை அங்கே வைத்தது பூவுக்காக மட்டும் இல்லை. ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, எதிர்ப்பக்க ஹெட்லைட்டை மறைக்கும்.) கொட்டாம்பட்டியில் இறங்கி சிங்கம்புணரி பக்கம் திரும்பியதும் இருவழிச் சாலை. அங்கேதான் ஆரம்பித்தது.

எதிரே வந்த லாரிக்காரர் மூன்று தடவை டிப்பர் அடித்தார். அடுத்து வந்த பஸ்காரர் அடித்தார்.

"டிம் பண்ணுப்பா, எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசுதுல்ல" என்றார் அப்பா.

"டிம்லதான்ப்பா இருக்கு" என்றேன்.

கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன். டிம்மில்தான் இருந்தது, டாஷ்போர்டில் நீல விளக்கு எரியவில்லை. ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், எதிரே ஒரு டிவிஎஸ் 50. பின்னால் பால்கேன் கட்டியிருந்தது. என் வெளிச்சத்துக்குள் வந்தவர் அப்படியே தடுமாறி, தாரைவிட்டு மண்ணில் இறங்கி, ஒரு காலை ஊன்றி எப்படியோ நின்றுவிட்டார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடினேன். அடி ஒன்றும் இல்லை. பால் கொஞ்சம் சிந்தியிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். "என்ன சார் லைட்டு இது, ரோடே தெரியல" என்று மட்டும் கேட்டார். வயசு அறுபதுக்கு மேல் இருக்கும்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் பழைய ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை வெளேர் என்று எரியும் எல்இடி பல்பு ஜோடி ஒன்றை மாட்டியிருந்தேன். கடைக்காரர் "சும்மா பகல் மாதிரி இருக்கும் சார்" என்றார். இருந்தது. எனக்கு மட்டும்.

ஊரிலிருந்து திரும்பியதும் இதைத் தோண்ட ஆரம்பித்தேன். என் பல்பில் என்ன தப்பு என்று பார்க்கப் போனது, கடைசியில் எதிரில் வருபவரின் கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் வெளிச்சம் போடும் ஹெட்லைட் எப்படி வேலை செய்கிறது என்பதில் போய் நின்றது. ஆங்கிலத்தில் அடாப்டிவ் ஹெட்லைட் என்பார்கள். தமிழில் எழுதினால் யாருக்காவது பயன்படலாம்.

முதலில் ஒரு சுவர்

எங்கள் அடுக்குமாடியின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் சுவரிலிருந்து சரியாக 10 மீட்டர் தள்ளி காரை நிறுத்தி டிம் லைட்டைப் போட்டேன். வாட்ச்மேன் அண்ணன் "என்ன சார், படம் காட்டப் போறீங்களா" என்று வந்து நின்றுகொண்டார்.

ஒழுங்கான டிம் லைட் சுவரில் விழுந்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கத்தியால் வெட்டியது மாதிரி ஒரு கோடு தெரிய வேண்டும். இடதுபக்கம் போட்டு ஓட்டும் நம்ம ஊரில் அந்தக் கோடு வலதுபக்கம் படுக்கையாக இருக்கும், நடுவிலிருந்து இடதுபக்கம் சுமார் 15 டிகிரி மேலே ஏறும். எதிர் வண்டி வலதுபக்கம் வருவதால் அங்கே வெளிச்சம் தாழ்வாக இருக்கிறது. இடது ஓரத்தில் நடப்பவர், மைல்கல், போர்டு இதெல்லாம் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் பக்கம் ஏறுகிறது. ஐரோப்பாவில் 1957-லிருந்து இந்த ஒருபக்கச் சாய்வு விதியாக இருக்கிறது, அங்கே பெரும்பாலான நாடுகளில் இடம் வலம் மாறியிருக்கும். அதனால்தான் பிரான்ஸிலிருந்து இங்கிலாந்துக்குக் காரோடு கப்பல் ஏறுபவர்கள் ஹெட்லைட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வார்கள். நம்ம ஊரில் ஒருகாலத்தில் போலீஸ்காரர்கள் நடுவில் ஒட்டிவிட்ட கறுப்புப் பொட்டு ஞாபகம் இருக்கிறதா? நோக்கம் ஏறக்குறைய அதேதான், வழி மட்டும் முரட்டு வழி.

அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? வழக்கமான அளவு 1 சதவீதச் சரிவு. அதாவது ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 10 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். என் காரின் ஹெட்லைட் தரையிலிருந்து 70 செ.மீ. உயரம். எனவே 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் கோடு 60 செ.மீ.-ல் இருக்க வேண்டும், 70 மீட்டர் தூரத்தில் அது தரையைத் தொட வேண்டும்.

என் சுவரில் கோடே இல்லை. ஒரு மீட்டருக்கு மேல்வரை பால் கொட்டினது மாதிரி வெள்ளையாகப் பரவிக் கிடந்தது.

காரணம் பல்பின் பவர் இல்லை, வடிவம். எச்4 என்ற பல்பு 1971-லிருந்து இருக்கிறது, ஒரே குடுவைக்குள் இரண்டு இழை. பின்னால் இருக்கும் கண்ணாடிக் கிண்ணம் பரவளைய வடிவம். அதன் குவியத்தில் இருக்கும் இழை எரிந்தால் வெளிச்சம் நேர்கோடாக முன்னால் போகும், அது பிரைட். டிம்முக்கான இழை குவியத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. முன்னால் தள்ளி வைத்தால் கிண்ணத்தின் மேல்பாதியில் பட்ட ஒளி கீழே சாயும், கீழ்ப்பாதியில் பட்டது மேலே சாயும். மேலே போவதுதான் எதிராளி கண்ணில் அடிப்பது. அதைத் தடுக்க அந்த இழைக்கு அடியில் ஒரு குட்டி உலோகக் கரண்டி வைத்திருக்கிறார்கள். கீழே இறங்கும் ஒளியை அது மறைத்துவிடுகிறது. பாதி வெளிச்சத்தை வேண்டுமென்றே வீணாக்கும் வடிவமைப்பு. ஆனால் அந்தக் கரண்டியின் விளிம்புதான் சுவரில் விழும் கோடு.

நான் மாட்டிய எல்இடி பல்பில் மெல்லிய இழைக்குப் பதில் தட்டையான சில்லுகள். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறது. இழை இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. குவியத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் ரோட்டில் எவ்வளவு தப்பும் என்பதை அந்தப் பால்காரர் பார்த்துவிட்டார்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பொங்கலுக்குப் போகும்போது டிக்கியில் அரிசி மூட்டை, பின்சீட்டில் தங்கச்சியும் அவள் பிள்ளைகளும். பின்பக்கம் அமுங்கி காரின் மூக்கு 1 டிகிரி தூக்கினால் என்ன ஆகும்? 1 டிகிரி என்பது 1.75 சதவீதம். இறங்க வேண்டிய 1 சதவீதத்தைக் கழித்தால், வெளிச்சம் 0.75 சதவீதம் மேலே ஏறுகிறது. 50 மீட்டர் தூரத்தில் கோடு 70 + 37 = 107 செ.மீ., 60 மீட்டரில் 115 செ.மீ. எதிர் காரில் டிரைவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கும் இல்லையா, அது இதற்குத்தான். கார் வாங்கி ஒன்பது வருஷத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை.

ஏன் டிம் போதாது

சரி, எல்லாரும் ஒழுங்காக டிம்மில் ஓட்டினால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 80 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். எதையோ பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 33 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் பிடித்தால் நிற்க இன்னொரு 36 மீட்டர். மொத்தம் 69. டிம் லைட்டின் கோடு தரையைத் தொடுவது 70 மீட்டரில். 80-ல் கணக்கு சரியாக விளிம்பில் நிற்கிறது. 100-ல் போனால் 98 மீட்டர் வேண்டும், டிம் உங்களைக் கைவிட்டுவிடும். கோட்டுக்குப் பக்கத்தில் வெளிச்சமும் மெலிந்து போகும் என்பதால், கறுப்புச் சட்டை போட்டு நடந்து வருபவரை 70 மீட்டரில் பார்ப்பது என்பதே பேராசை.

பிரைட் போட்டால் நமக்குத் தெரியும், எதிராளிக்குத் தெரியாது. எதிராளிக்கு என்ன ஆகிறது என்பதும் சுவாரசியமான விஷயம். கண்ணுக்குள் நுழையும் வெளிச்சம் முழுசும் விழித்திரையில் ஒரே புள்ளியில் விழுவதில்லை. கொஞ்சம் கண்ணுக்குள்ளேயே சிதறி, ஒரு வெள்ளைத் திரை மாதிரி மொத்தக் காட்சியின் மேலும் படர்கிறது. இருட்டில் நிற்கும் ஆள் அந்தத் திரைக்குப் பின்னால் காணாமல் போகிறார். இதற்கு ஒரு சூத்திரமே இருக்கிறது. திரையின் அடர்த்தி, நாம் பார்க்கும் திசைக்கும் விளக்குக்கும் இடையே உள்ள கோணத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதம். கோணம் பாதியானால் கூச்சம் நாலு மடங்கு. எதிர் வண்டி தூரத்தில் நேர் எதிரே இருக்கும்போது ஏன் அவ்வளவு தொந்தரவு என்பது இதிலிருந்து புரிகிறது.

சர்வதேச ஒளியியல் ஆணையம் அதில் வயசுக்கும் ஒரு பெருக்கல் சேர்த்திருக்கிறது: வயசை 70-ஆல் வகுத்து, நாலாம் அடுக்குக்கு உயர்த்தி, 1-ஐக் கூட்டு. எனக்கு 46. கணக்குப் போட்டால் 1.19, அதாவது 19 சதவீதம் கூடுதல். 70 வயசில் சரியாக 2 மடங்கு. அப்பாவுக்கு 74, அது 2.25. அவர் ராத்திரியில் ஓட்டுவதை நிறுத்தி பத்து வருஷம் ஆகிறது. நாங்கள் அதை பயம் என்று கேலி செய்திருக்கிறோம்.

ஆக, பிரைட்டின் தூரமும் வேண்டும், எதிராளியின் கண்ணும் பிழைக்க வேண்டும். இந்த முரண்பாட்டை அவிழ்க்கத்தான் எழுபது எண்பது வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டியரிங்கோடு கட்டிய கம்பி

முதலில் யோசித்தது வளைவைப் பற்றி. ஹெட்லைட் காரின் மூக்கு பார்க்கும் திசையில் அடிக்கிறது. ஆனால் வளைவில் ரோடு வேறு பக்கம் போகிறது. 1948-ல் அமெரிக்காவில் பிரெஸ்டன் டக்கர் என்பவர் ஒரு கார் கொண்டுவந்தார், மொத்தமே 51 வண்டிதான் தயாரானது. அதில் நடுவில் மூன்றாவதாக ஒரு ஹெட்லைட். ஸ்டியரிங்கை 10 டிகிரிக்கு மேல் திருப்பினால் அது எரிந்து, கூடவே திரும்பும்.

எனக்குப் பிடித்தது பிரான்ஸின் சிட்ரோயன் டிஎஸ். 1967-ல் ராபர்ட் ஒப்ரான் அதன் முகத்தைத் திருத்தி வடிவமைத்தபோது, கண்ணாடி மூடிக்குள் பக்கத்துக்கு இரண்டு விளக்கு வைத்தார்கள். உள்பக்க விளக்கு ஸ்டியரிங்கோடு கேபிளால் கட்டப்பட்டது, ஸ்டியரிங் போகும் பக்கம் அதுவும் போகும். வெளிப்பக்க விளக்கை சஸ்பென்ஷனோடு இணைத்திருந்தார்கள். மூக்கு தூக்கினால் விளக்கு தானே குனியும். நான் ஒன்பது வருஷம் தொடாத அந்தச் சக்கரத்தின் வேலையை, 1967-லேயே ஒரு கம்பி தன்னால் செய்திருக்கிறது. சிப் இல்லை, சென்சார் இல்லை. அதே கார் அமெரிக்காவுக்குப் போனபோது விதி ஒத்துக்கொள்ளாததால் கண்ணாடி மூடியையும் எடுத்து, திரும்பும் விளக்கையும் எடுத்து, சாதாரண விளக்கை மாட்டி அனுப்பினார்கள்.

டிஎஸ்ஸில் ஒரு குறை உண்டு. விளக்கு ஸ்டியரிங்கைப் பின்தொடர்கிறது, ரோட்டை இல்லை. நீங்கள் திருப்பிய பிறகுதான் அது திரும்பும். ஆனால் திருப்பும் முன்னால்தானே பார்க்க வேண்டும்? இப்போதைய கார்களில் வேகம், ஸ்டியரிங் கோணம், கார் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்ற அளவு இந்த மூன்றையும் வைத்து ரோட்டின் வளைவைக் கணக்கிடுகிறார்கள். கணக்கு எளிது. நாம் பார்க்க வேண்டிய தூரத்தை, வளைவின் ஆரத்தைப் போல் இரண்டு மடங்கால் வகுத்தால் கோணம் வந்துவிடும். 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 மீட்டர் முன்னால் பார்க்க வேண்டுமென்றால் 40/200 = 0.2 ரேடியன், சுமார் 11.5 டிகிரி. சுழலும் ஹெட்லைட்கள் பெரும்பாலும் 15 டிகிரி வரை திரும்புவது இதற்குப் போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இது எடுபடாது. அங்கே ஆரம் சில மீட்டர்கள்தான், கோணம் எங்கேயோ போய்விடும். அதற்குப் பக்கவாட்டில் அடிக்கும் தனி விளக்கை ஏற்றிவிடுகிறார்கள், வேறு வழி இல்லை.

எல்லாம் சேர்ந்து ஒரே விளக்கு இல்லை

வளைவு ஒரு பக்கம். முக்கியமான கேள்வி எதிராளியின் கண். ஜெனரல் மோட்டார்ஸ் 1952-லேயே ஆட்ரானிக் ஐ என்று ஒன்றை விற்றது. டாஷ்போர்டின் மேல் ஒரு ஒளிக்குழாய், எதிரில் வெளிச்சம் தெரிந்தால் தானாக டிம் ஆகும். ஆனால் அது டிம், இல்லையென்றால் பிரைட், இரண்டில் ஒன்றுதான். எதிரே ஒரே ஒரு வண்டி வந்தாலும் மொத்த ரோட்டையும் இருட்டாக்கிவிட வேண்டியதுதான்.

இதை உடைத்தது எல்இடி. ஒரு பெரிய விளக்குக்குப் பதில் பல குட்டி விளக்குகள், ஒவ்வொன்றும் ரோட்டின் ஒரு செங்குத்துப் பட்டையை மட்டும் பார்த்துக்கொள்ளும். எதிர் கார் இருக்கும் பட்டையை மட்டும் அணைத்துவிட்டால், பிரைட் வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு நிழல் சந்து உண்டாகும். எதிர் கார் அந்தச் சந்துக்குள்ளேயே நகர்ந்து வரும். அது நகர நகர சந்தும் நகரும். 2013-ல் ஆடி ஏ8 காரில் பக்கத்துக்கு 25 எல்இடி, ஐந்து ஐந்தாகப் பிரித்து வைத்து இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வெறும் ஆன்/ஆஃப் என்று வைத்தாலே 25 எல்இடிக்கு 3.35 கோடி சேர்க்கைகள். 2016-ல் மெர்சிடிஸ் ஈ கிளாஸில் 84 ஆனது. பிறகு அது பிக்ஸல் போட்டியாகிவிட்டது. சினிமா புரொஜெக்டரில் இருக்கும் நுண்கண்ணாடிச் சிப்பை ஹெட்லைட்டுக்குள் வைத்து, 10 லட்சத்துக்கு மேற்பட்ட கண்ணாடிகள் என்று 2018-ல் மெர்சிடிஸ் மேபேக்கில் வந்தது. ஆளுக்கு வழிவிடும் கோடு, அம்புக்குறி எல்லாம் ரோட்டில் வரைந்து காட்டலாம்.

எனக்கென்னவோ அந்த நுண்கண்ணாடி வழி பிடிக்கவில்லை. வேண்டாத இடத்துக்கான வெளிச்சத்தையும் உண்டாக்கிவிட்டு, கண்ணாடியைச் சாய்த்து ஓரத்தில் கொட்டுகிறார்கள். எச்4 பல்பின் கரண்டி செய்த அதே வேலை. அதைவிட ஆஸ்ராம் கொண்டுவந்த, 40 சதுர மில்லிமீட்டர் சில்லில் 25,600 எல்இடிகளை அடுக்கும் வழி நேர்மையானது. இருட்டு வேண்டிய இடத்தில் எல்இடி எரிவதே இல்லை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். விளக்கு சுலபம், சாஃப்ட்வேர்தான் கஷ்டம்.

கேமரா உள்ளே நடுக்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஹெட்லைட் காரின் இரண்டு மூலையில். எதிர் கார் 2 டிகிரி வலதில் என்று கேமரா சொன்னால் அது ஹெட்லைட்டுக்கு 2 டிகிரி இல்லை. மையத்திலிருந்து 70 செ.மீ. தள்ளி இருக்கும் விளக்குக்கு, 50 மீட்டர் தூரத்தில் 0.8 டிகிரி வித்தியாசம் வரும். 20 மீட்டரில் 2 டிகிரி. எனவே கோணம் மட்டும் தெரிந்தால் போதாது, தூரமும் தெரிய வேண்டும். கார் என்றால் இரண்டு ஹெட்லைட்டுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்து தூரத்தை ஊகிக்கலாம். டூவீலருக்கு ஒற்றை விளக்கு, இடைவெளியே கிடையாது. அது பக்கத்தில் வரும் மொபெட்டா, தூரத்தில் ஒரு பக்க லைட் போன லாரியா? டூவீலர்தான் அதிகம் ஓடும் நம் ரோட்டில் இதுதான் தினசரிக் கேள்வி.

அடுத்தது நேரம். இரண்டு கார்களும் 80-ல் எதிரெதிரே வந்தால் நெருங்கும் வேகம் வினாடிக்கு 44 மீட்டர். இரண்டுக்கும் பக்கவாட்டு இடைவெளி 3.5 மீட்டர் என்று வையுங்கள். 100 மீட்டர் தூரத்தில் எதிர் கார் நம் பார்வையில் வினாடிக்கு 0.9 டிகிரிதான் நகர்கிறது. 20 மீட்டருக்கு வரும்போது வினாடிக்கு 21 டிகிரிக்கு மேல். கேமரா பார்த்து, படத்தை அலசி, விளக்குக்குக் கட்டளை போக ஒரு பத்தில் ஒரு பங்கு வினாடி ஆகிறது என்றால், அதற்குள் அவர் 2 டிகிரி நகர்ந்திருப்பார். நிழல் சந்து அவர் இருந்த இடத்தில் நிற்கும், அவர் வெளிச்சத்துக்குள் நிற்பார். அதனால் இப்போது எங்கே இருக்கிறார் என்பதைவிட, அடுத்த கணம் எங்கே இருப்பார் என்று கணித்துத்தான் சந்தை நகர்த்த வேண்டும். கொஞ்சம் அகலமாகவும் வெட்ட வேண்டும். கணிப்பு தப்பினாலும் தப்பித்துக்கொள்ள இடம் வேண்டுமே.

அப்புறம் சத்தமில்லாத எதிரிகள். ரோட்டோர ரிஃப்ளெக்டர், பெயர்ப்பலகை எல்லாம் நம் வெளிச்சத்தையே நம்மிடம் திருப்பி அடிக்கும், கேமராவுக்கு அது ஒரு வண்டி மாதிரி தெரியும். வண்டி என்று நம்பி அணைத்தால் பலகை இருட்டாகிவிடும், உடனே இல்லை என்று நினைத்து மறுபடி ஏற்றும், மறுபடி தெரியும். வெளிச்சம் மின்னிக்கொண்டே இருக்கும். எங்கள் துறையில் இதை ஃபீட்பேக் லூப் என்று சொல்லி இரண்டு நாள் மீட்டிங் போடுவோம். தீர்வு வழக்கமானதுதான்: அணைக்கும்போது சட்டென்று அணை, ஏற்றும்போது நிதானமாக ஏற்று, ஒன்றிரண்டு காட்சியை மட்டும் நம்பாதே.

அமெரிக்கக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே 108-ஆம் எண் பாதுகாப்பு விதி ஹெட்லைட் என்றால் டிம் ஒன்று, பிரைட் ஒன்று என்றே எழுதப்பட்டிருந்தது. பாதி பிரைட் பாதி டிம் என்பதற்கு அதில் பெயரே இல்லை. 2013-ல் டொயோட்டா மாற்றச் சொல்லி மனு போட்டது. ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்துக்கு அங்கே அனுமதி வந்தது 2022 பிப்ரவரியில். நடுவில் இருந்த காலத்தில் சில கம்பெனிகள் அதே ஹெட்லைட்டைப் பொருத்தி, சாஃப்ட்வேரில் அந்த வசதியை மட்டும் அணைத்து விற்றன. வாங்கியவர் வீட்டு வாசலில் எல்லாம் இருந்தது, ஒரு பிட் மட்டும் பூஜ்ஜியம்.

விளக்கில்லாதவர்

இதெல்லாம் படித்துவிட்டு உற்சாகமாகத்தான் இருந்தேன். அப்புறம் ஒரு விஷயம் உறுத்தியது. இந்தக் கேமரா தேடுவது ஆளை இல்லை, வெளிச்சத்தை. எதிரே வெள்ளை விளக்கு, முன்னே சிவப்பு விளக்கு, இரண்டில் ஒன்று இருந்தால்தான் அங்கே ஒருத்தர் இருக்கிறார் என்று அதற்குத் தெரியும். டெயில் லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லர், மாட்டுவண்டி, சைக்கிள், நடந்து வருபவர் எல்லாம் அதைப் பொறுத்தவரை காலி ரோடு. முழு பிரைட்டை அவர்கள் முகத்தில் அடிக்கும். நமக்கு அவர்கள் நன்றாகத் தெரிவார்கள், அது பெரிய லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் எதிரே நடந்து வருபவருக்குக் காலடியில் பள்ளம் இருந்தாலும் தெரியாது. சில ஜெர்மன் கார்களில் இன்ஃப்ராரெட் கேமரா வைத்து ஆளைக் கண்டுபிடித்து, அவர் மேல் வெளிச்சத்தைச் சிமிட்டி டிரைவருக்குக் காட்டுகிறார்கள். அதுவும் டிரைவருக்கான வசதிதான்.

புது டூவீலர்களில் 2017 ஏப்ரலிலிருந்து ஹெட்லைட் எப்போதும் எரியும்படி சட்டம் வந்ததை நாம் கிண்டல் செய்தோம், "பகல்ல எதுக்குடா லைட்டு" என்று. இந்தக் கேமராக்கள் நம்ம ஊரில் பெருகினால் அது நல்ல உதவியாக இருக்கும்.

மேட்டில் இன்னொரு சங்கதி. மேட்டுக்கு அந்தப்பக்கம் வண்டி வந்தால் அதன் வெளிச்சம் வானத்தில் மங்கலாகத் தெரியுமே, அனுபவமுள்ள டிரைவர் அதைப் பார்த்ததும் டிம் பண்ணிவிடுவார். கேமராவோ விளக்கே கண்ணில் பட்ட பிறகுதான் முழித்துக்கொள்ளும். அரளிக்கும் இதே சிக்கல் உண்டு. எதிர்ப்பக்க பஸ்ஸின் ஹெட்லைட்டைச் செடி மறைத்துவிடும், கேமராவுக்கு பஸ்ஸே இல்லை. ஆனால் பஸ் டிரைவர் செடிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார். பிரைட் நேராக அவர் கண்ணுக்குப் போகும்.

என் காருக்கு இந்த வசதி எதுவும் வரப்போவதில்லை. 55 வாட் ஹாலஜன் பல்பையே திரும்ப மாட்டினேன். இரண்டும் சேர்த்து விலை, நான் எல்இடிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மறுபடி பேஸ்மென்ட் சுவர், மறுபடி 10 மீட்டர். கோடு விழுந்தது, 64 செ.மீ.-ல். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி 60-க்குக் கொண்டுவந்தேன். வாட்ச்மேன் அண்ணன்தான் சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் பிளாக்கில் நாலு பேர் அந்தக் கோட்டுக்கு முன்னால் காரை நிறுத்திப் பார்த்துவிட்டார்கள், இரண்டு பேருக்குக் கோடே விழவில்லை.

சித்திரையில் ஊருக்குப் போனபோது அதே ரோடு, ஆள் நிறைய ஏறியிருந்ததால் சக்கரத்தை 2-ல் வைத்திருந்தேன். வெளிச்சம் மஞ்சளாக, சுமாராகத்தான் இருந்தது, வேகத்தை 60-க்குக் குறைத்துக்கொண்டேன். யாரும் டிப்பர் அடிக்கவில்லை. அப்பா தூங்கிவிட்டார். அந்த எல்இடி பல்பு ஜோடி பரணில் டப்பாவோடு கிடக்கிறது. தம்பி அவன் வண்டிக்குக் கேட்டான், கொடுக்கவில்லை.